வார்டா, நியமனமா, ஒப்பந்தமா? மாவோரி பிரதிநிதித்துவத்துக்கு நியூசிலாந்து கவுன்சில்கள் முன்னுள்ள வழிகள்

2025 அக்டோபர் 11ஆம் தேதி முடிந்த நியூசிலாந்து உள்ளாட்சித் தேர்தலில், 42 கவுன்சில்களின் வாக்காளர்களுக்குத் தபாலில் வந்த சீட்டில் கூடுதலாக ஒரு கேள்வி இருந்தது: நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கான வார்டு இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா? பாதிக்கு மேற்பட்ட கவுன்சில்களில் ‘எடுத்துவிடலாம்’ என்ற பக்கம் வென்றது. எடுத்துவிடச் சொன்ன அதே தேர்தலில் அந்த வார்டுகளுக்கு உறுப்பினர்களும் தேர்வானார்கள். அவர்கள் 2028 வரை பதவியில் இருப்பார்கள். வார்டு மறைவது அந்த ஆண்டுத் தேர்தலில்தான். ஆக, தோற்ற ஊர்களில் கவுன்சிலுக்கும் இவிகளுக்கும் (இவி என்பது மாவோரிக் குலக்குழு) வேறு வழி தேட ஒரு பதவிக்காலம் இருக்கிறது.

வழிகள் பல உண்டு. ஒன்றோடொன்று ஒப்பிடும்போது பெரும்பாலோர் முதலில் எண்ணுவது நாற்காலிகளை. அது தப்பான தொடக்கம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அந்த உறுப்பினரின் வாக்கு எந்த மேசையில் செல்லும்? அவரை அனுப்புவது யார், மாவோரி வாக்காளர்களா, அந்த மண்ணுக்குரிய இவியா? கொடுத்த இடத்தைத் திரும்பப் பூட்டும் சாவி யார் கையில் இருக்கிறது?

மாவோரி வார்டு: எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது

தமிழ்நாட்டு வாசகர் மாவோரி வார்டு என்றதும் நம் ஊர்த் தனி வார்டை நினைத்துக்கொள்வார். இரண்டும் தலைகீழ். இங்கே வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், வாக்களிப்பது வார்டில் உள்ள எல்லோரும். அங்கே வாக்களிப்பது மாவோரி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டும்; வேட்பாளர் மாவோரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. 1932இல் பூனா ஒப்பந்தத்தோடு நாம் கைவிட்ட தனி வாக்காளர் தொகுதிக்குத்தான் அது நெருங்கிய உறவு. ‘மாவோரிக்கு மட்டும் இரண்டு ஓட்டா?’ என்று அங்கே அடிக்கடி எழும் புகாரும் தவறு. மாவோரி பட்டியலில் இருப்பவர் பொது வார்டில் வாக்களிக்க முடியாது. மாவோரி வம்சாவளியினர் எந்தப் பட்டியலில் இருப்பது என்பது அவரவர் விருப்பம். 2023 மார்ச் முதல் எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம், தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதங்கள் தவிர.

எத்தனை இடம் என்பதை கவுன்சில் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. 2001ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் சட்டத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது: மாவோரி வாக்காளர் மக்கள்தொகையை மொத்த வாக்காளர் மக்கள்தொகையால் வகுத்து, மேயர் நீங்கலான உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். பின்னம் அரையைத் தாண்டினால் மேலே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். இதில் ‘மக்கள்தொகை’ என்பது பட்டியலில் பெயர் உள்ள பெரியவர்கள் மட்டுமல்ல. மாவோரி வம்சாவளியினரில் எந்த விகிதத்தினர் மாவோரி பட்டியலைத் தேர்ந்தெடுத்தார்களோ, அதே விகிதத்தில் குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் எண்ணிவிட்டு ‘எங்களுக்குத் தகுதி இல்லை’ என்று முடிவு கட்டுவது வழக்கமான பிழை.

ஒரு மாவட்டத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். மக்கள்தொகை 40,000, அதில் மாவோரி வாக்காளர் மக்கள்தொகை 9,000. பத்துக் கவுன்சிலர் என்றால் 2.25, அதாவது 2 இடம். பதினொன்று என்றால் 2.475, அதே 2. பன்னிரண்டு என்றால் 2.7, இப்போது 3. ஒரு உறுப்பினரைக் கூட்டுவதா குறைப்பதா என்ற, யாரும் கவனிக்காத விவாதம் மாவோரி இடத்தின் விதியை மாற்றிவிடுகிறது. ‘உறுப்பினரைக் கூட்டினால் சம்பளச் செலவு ஏறுமே’ என்ற ஆட்சேபம் வந்தால் பதில் எளிது: ஊதிய ஆணையம் கவுன்சிலுக்கு ஒரு மொத்தத் தொகையை நிர்ணயிக்கிறது, அதைத்தான் உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆள் கூடினால் தலைக்குக் கிடைப்பது குறையும், மொத்தம் ஏறாது.

பெரிய பொறி இனிமேல்தான். சில கவுன்சில்கள் பாதி உறுப்பினர்களை வார்டிலிருந்தும், மீதியை ‘மாவட்டம் முழுவதற்கும்’ என்றும் தேர்ந்தெடுக்கின்றன. அப்படிச் செய்தால் சூத்திரம் வார்டு இடங்களை மட்டுமே கணக்கில் எடுக்கும். மேலே சொன்ன மாவட்டத்தில் பத்தில் நான்கை மாவட்டப் பொது இடமாக்கினால், 6 × 0.225 = 1.35. இரண்டு இடம் ஒன்றாகிவிட்டது, யாரும் எதையும் எடுத்துவிடச் சொல்லாமலே. மாவட்டப் பொது இடங்களுக்கு மாவோரி பட்டியலினரும் வாக்களிக்கலாம் என்பது ஆறுதல்தான். ஆனால் அங்கே பெரும்பான்மையின் கைதான் ஓங்கும்.

ரோடோருவா இந்தப் பொறியில்தான் சிக்கியது. மாவோரி 3, பொது வார்டு 3, மாவட்டம் முழுவதற்கும் 4 என்ற அமைப்பை அந்த கவுன்சில் விரும்பியது; சூத்திரம் இடம் கொடுக்கவில்லை. தனிச் சட்டம் கேட்டு நாடாளுமன்றத்துக்கு மசோதா போனது. 2022இல் அட்டர்னி ஜெனரல் டேவிட் பார்க்கர் அதை ஆராய்ந்து, மாவோரி வார்டு வாக்கின் எடை பொது வார்டு வாக்கைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும், இது உரிமைச் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அறிக்கை கொடுத்தார். மசோதா அங்கேயே நின்றது. கடைசியில் 6 பொது, 3 மாவோரி, 1 கிராமப்புறம் என்ற சாதாரண வழியிலேயே அதே மூன்று மாவோரி இடங்கள் கிடைத்தன. முதலில் கணக்குப் போட்டிருந்தால் ஓராண்டு மனக்கசப்பு மிச்சமாகியிருக்கும்.

மாவோரி வாக்காளர் பங்கு 4 சதவீதம் உள்ள மாவட்டத்தில் பத்துக் கவுன்சிலர் என்றால் விடை 0.4. அதாவது பூஜ்யம். தென் தீவின் பல மாவட்டங்களுக்கு வார்டு என்ற கதவு இப்படித்தான் மூடியிருக்கிறது. அவர்கள் நேரே அடுத்த வழிகளுக்குப் போகலாம்.

வார்டின் பலம், அந்த வாக்கு முழு கவுன்சிலிலும் செல்லும் என்பது. பலவீனம் சாவி. 2002இல் வார்டுக்கு வழி திறந்தபோதே, 5 சதவீத வாக்காளர்கள் கையெழுத்திட்டால் கட்டாய வாக்கெடுப்பு என்று விதி வைத்தார்கள். கிராமப்புற வார்டு உருவாக்கினால் யாரும் அப்படிக் கேட்க முடியாது. மாவோரி வார்டுக்கு மட்டும் முடியும். விளைவு: 2015இல் நியூ பிளிமத்தில் 83 சதவீதம் எதிர்ப்பு. 2018இல் பாமர்ஸ்டன் நார்த், ஃபாகடானே, மானவாடு, மேற்கு பே ஆஃப் பிளென்டி, கைகோரா என்று ஐந்து இடங்களில் வாக்கெடுப்பு, ஐந்திலும் தோல்வி. 2021இல் அமைச்சர் நனையா மஹுடா வாக்கெடுப்பு விதியை நீக்கினார். அடுத்த ஆண்டே 35 கவுன்சில்களில் மாவோரி இடங்கள் வந்தன. 2024 ஜூலையில் புதிய அரசு விதியைத் திரும்பக் கொண்டுவந்தது; 2025 வாக்கெடுப்புகள் அதன் விளைவு. பத்தாண்டுக்குள் சாவி இரண்டு முறை கை மாறியிருக்கிறது. வார்டை நம்பி மட்டும் திட்டம் போடுபவர் இதை மறக்கக் கூடாது.

குழுவில் நியமனம்: சீக்கிரம் கிடைப்பது, சீக்கிரம் போவது

2002ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி, கவுன்சில் தன் குழுக்களில் தேர்ந்தெடுக்கப்படாதவர்களையும் சேர்க்கலாம். தேவையான திறமையோ அனுபவமோ அறிவோ அவருக்கு இருப்பதாக கவுன்சில் கருதினால் போதும். வாக்குரிமையும் கொடுக்கலாம். குழுவில் குறைந்தது ஒருவராவது கவுன்சிலராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாக்கெடுப்பும் வேண்டாம், சூத்திரமும் வேண்டாம். ஒரு தீர்மானம் போதும். ஹாமில்டன் 2018இல் இப்படித்தான் ‘மாங்காய் மாவோரி’ என்ற பெயரில் ஐந்து பேரைக் குழுக்களில் அமர்த்தியது. (மாங்காய் என்றால் மாவோரி மொழியில் வாய், குரல். நம் மாங்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) வெலிங்டன் நகர கவுன்சில் 2021இல் மன ஃபெனுவா இவிகள் இரண்டுக்குக் குழுக்களில் வாக்குரிமையும் ஊதியமும் கொடுத்தது. மன ஃபெனுவா என்றால் அந்த மண்ணுக்குரியவர்கள்.

ஆனால் அந்த வாக்கு எந்த மேசையில் செல்லும்? அதே அட்டவணை, குழுவுக்குக் கைமாற்றவே கூடாத அதிகாரங்களையும் பட்டியலிடுகிறது: சொத்துவரி விதிப்பது, துணைவிதி இயற்றுவது, திட்டத்துக்கு வெளியே கடன் வாங்குவது, நீண்டகாலத் திட்டத்தையும் ஆண்டுத் திட்டத்தையும் ஏற்பது, தலைமை நிர்வாகியை நியமிப்பது. இவை முழு கவுன்சிலுக்கே உரியவை. நியமன உறுப்பினர் இரண்டு மாதம் உழைத்துக் குழுவில் ஒரு கழிவுநீர்த் திட்டத்துக்கு ஆதரவு திரட்டுவார். அதற்குப் பணம் ஒதுக்கும் நாளில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

இதை ஓரளவு சரிக்கட்ட வழி உண்டு. எல்லாக் கவுன்சிலர்களும் உறுப்பினராக உள்ள ஒன்றிரண்டு பெரிய குழுக்களை அமைத்து, உண்மையான விவாதத்தை அங்கே நடத்துவது. குழுவில் எல்லோரும் ஒருமுறை வாக்களித்துவிட்டால், முழு கவுன்சிலில் அதை மாற்ற முகம் வராது. நியமன உறுப்பினர்களைச் சின்னச் சின்னக் குழுக்களில் தூவிவைக்கும் கவுன்சில், மரியாதை செய்வதுபோல் செய்து ஓரங்கட்டுகிறது.

நாடாளுமன்றத்தின் தனிச் சட்டம்

முழு கவுன்சிலில் வாக்கும் வேண்டும், அனுப்புவது இவியாகவும் இருக்க வேண்டும் என்றால் வெலிங்டன் நாடாளுமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2022 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தின்படி, காண்டர்பரி பிராந்திய கவுன்சிலுக்கு நை தாகு இவி இரண்டு பேர் வரை நியமிக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட 14 பேரோடு அவர்களுக்கும் சம வாக்கு. இதன்மேல் உள்ள விமர்சனத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது: அந்த இருவரையும் வாக்காளர் நீக்க முடியாது. நை தாகு தரப்பின் பதிலும் நேரானது. அந்தப் பிராந்தியத்தில் வைதாங்கி ஒப்பந்தத்தின் (1840இல் பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்டது) மறு கையெழுத்துக்காரர் இவி. அதன் பிரதிநிதியை இவிதான் முடிவு செய்ய வேண்டும்.

பே ஆஃப் பிளென்டி பிராந்திய கவுன்சில் இன்னொரு கலவை. 2001இலேயே தனக்கென ஒரு சட்டம் வாங்கி, மௌவாவோ, கோஹி, ஒகுரே என்ற மூன்று மாவோரி தொகுதிகளை அமைத்தது. 2004 முதல் தேர்தல் நடக்கிறது. அனுப்புவது வாக்காளர், சாவி மட்டும் நாடாளுமன்றத்திடம். 2025 வாக்கெடுப்புப் பட்டியலில் அந்தக் கவுன்சிலின் பெயரே இல்லை. இருபது ஆண்டு முன்பு எடுத்துக்கொண்ட கூடுதல் சிரமத்துக்குக் கிடைத்த கூலி அது. ஆனால் நாடாளுமன்றப் பூட்டும் உடையாத பூட்டு அல்ல. பிராந்தியக் கவுன்சிலர் பதவிகளையே ஒழித்து, மேயர்கள் அடங்கிய வாரியங்களிடம் பொறுப்பைக் கொடுக்கும் யோசனையை அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது. அது சட்டமானால் இந்தத் தொகுதிகளும் கேள்விக்குள்ளாகும்.

ஆக்லாந்து வாரியம்

ஆக்லாந்தை ஒரே மாநகரமாக்கும் முன் 2009இல் ராயல் கமிஷன் மூன்று மாவோரி இடங்களைப் பரிந்துரைத்தது: இரண்டு தேர்தலில், ஒன்று மன ஃபெனுவா நியமனம். அரசு மறுத்தது, அந்த ஆண்டு மே மாதம் பெரிய பேரணி நடந்தது, மாற்றாக வந்தது சட்டபூர்வமான சுதந்திர மாவோரி வாரியம். ஒன்பது உறுப்பினர்கள், ஏழு பேர் மன ஃபெனுவா, இரண்டு பேர் வெளியூர் இவிகளிலிருந்து வந்து குடியேறிய மாவோரிகளின் சார்பில். இயற்கை வளங்கள் சார்ந்த குழுக்களுக்கு வாரியம் இரண்டு பேரை வாக்குரிமையோடு அனுப்பும். சொந்த அலுவலகம், சொந்த ஆய்வாளர்கள், கவுன்சிலின் கடமைகளைத் தணிக்கை செய்யும் பலம், இவை மற்ற எந்த வழியிலும் இவ்வளவு இல்லை. முழு மன்றத்தில் வாக்கு மட்டும் இல்லை. சிறு மாவட்டம் நகலெடுக்கக்கூடிய மாதிரி அல்ல இது, செலவு தாங்காது.

ஒற்றை மாற்று வாக்கு

மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று எண் போடுவார்களே, அதே முறை. 2004 முதல் கவுன்சில்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். டனீடனில் 14 கவுன்சிலர்களை நகரம் முழுவதும் ஒரே தொகுதியாக இப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள். வெல்லத் தேவையான பங்கு பதினைந்தில் ஒன்று, அதாவது 7 சதவீதத்துக்கும் குறைவு. பெயரில் மாவோரி என்ற சொல்லே இல்லாததால் எதிர்ப்பும் குறைவு. ஆனால் ஊரை இரண்டிரண்டு பேர் கொண்ட ஐந்து வார்டாக வெட்டினால் தேவையான பங்கு மூன்றில் ஒன்றாகிவிடும். அப்போது முறை மாறியும் பலன் இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பு நாடு முழுக்க 40 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. தபால் வாக்கில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் இளைஞர்களும் வாடகைக்காரர்களும்தான் முதலில் விடுபடுகிறார்கள். ஒற்றை மாற்று வாக்குக்கும் 5 சதவீதக் கையெழுத்து வாக்கெடுப்பு உண்டு.

மேசைக்கு வெளியே: ஆறும் ஒப்பந்தமும்

சில சமயம் இவிக்கு வேண்டியது நாற்காலியே அல்ல. 2010 சட்டப்படி வைகாடோ நதி ஆணையத்தில் பத்துப் பேர், ஐவர் இவிகள் சார்பில், ஐவர் அரசு சார்பில். ஹாக்ஸ் பேயில் 2015 சட்டம், பிராந்தியத் திட்டக் குழுவில் இவிகளுக்கும் கவுன்சிலுக்கும் சம எண்ணிக்கை கொடுத்தது. 2020இல் வைகாடோ பிராந்திய கவுன்சில், டௌப்போ ஏரிப் பகுதியில் நீரின் தரத்தைக் கண்காணிக்கும் சில பணிகளைத் தூஃபாரெடோவா மாவோரி அறக்கட்டளை வாரியத்திடமே ஒப்படைத்தது. வளமேலாண்மைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின் கீழ் ஓர் இவி அமைப்புக்கு அதிகாரம் கைமாறியது அதுவே முதல் தடவை. சட்டம் வந்தது 1991இல்! நீரும் நிலமும்தான் முதன்மைக் கவலை என்றால், பதினோரு பேரில் ஒரு வாக்கைவிட இந்த வழி கனமானது. நூலகம், பூங்கா, பேருந்து, வீட்டுவரி பற்றி இது ஒன்றும் செய்யாது.

எதை எடுப்பது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வார்டு உறுப்பினர் மாவோரி வாக்காளர்களின் ஆள். அவர்களில் பெரும்பகுதியினர் வேறு ஊர் இவிகளிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம், நகரங்களில் அதுதான் நிலை. இவியின் நியமனம் அந்த மண்ணுக்குரியவரின் ஆள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ‘மாவோரி கவுன்சிலர்தான் இருக்கிறாரே, இவியிடம் தனியாக எதற்குக் கேட்பது?’ என்ற சோம்பேறித்தனம் சட்டப்படியும் தவறு. உள்ளாட்சிச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, முடிவெடுப்பதில் மாவோரி பங்களிக்க வழிமுறை வைத்திருக்கச் சொல்கிறது, வார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். வார்டு உறுப்பினர் எடுக்கும் உறுதிமொழியும் மாவட்டம் முழுவதன் நலனுக்காகவே. அவர் இவியின் வக்கீல் அல்ல. ஹாமில்டன் 2022இல் மாவோரி வார்டைக் கொண்டுவந்தபோது குழு நியமனங்களையும் வைத்துக்கொண்டது. அதுவே சரியான கணக்கு.

வார்டை இழந்த மாவட்டத்துக்கு எங்கள் வரிசை இது: முதலில், முழு உறுப்பினர் குழுவில் வாக்குரிமையோடு இவி நியமனம், இந்தப் பதவிக்காலத்திலேயே, வார்டு உறுப்பினர் இன்னும் இருக்கும்போதே. அவர் புதியவர்களுக்கு நடைமுறை பழக்கிவிடுவார். அடுத்து, நீர்நிலை சார்ந்த பணிகளுக்கு எழுத்து ஒப்பந்தம். அதன்பின் 2028 தேர்தலுக்கு ஒற்றை மாற்று வாக்கும், வார்டு அமைப்பை மறுபரிசீலிக்கும் பிரதிநிதித்துவ ஆய்வில் பெரிய தொகுதிகளும். தனிச் சட்டத்துக்கு இப்போதைய நாடாளுமன்றத்தில் மனு போடுவது காலவிரயம். மாவோரி பங்கு மிகக் குறைந்த தென் தீவு மாவட்டங்கள் ஒப்பந்தத்தையும் நியமனத்தையும் மட்டும் பார்த்தால் போதும். வார்டைக் காப்பாற்றிக்கொண்ட இடங்களில் கவனிக்க வேண்டியது வேறு: ஒரே உறுப்பினர் எல்லாக் குழுவிலும் உட்கார்ந்து களைத்துப்போவது, அடுத்த தேர்தலில் ஒரே வேட்பாளர், போட்டியே இல்லை என்ற நிலை.

தலைமை எங்கே தேவைப்படுகிறது

நியூ பிளிமத் மேயராக இருந்த ஆண்ட்ரூ ஜட் 2014இல் மாவோரி வார்டுக்கு கவுன்சிலை இணங்கவைத்தார்; மறு ஆண்டு வாக்கெடுப்பில் தோற்றார்; 2016இல் மீண்டும் போட்டியிடவில்லை. அவருடைய துணிச்சலைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நடைமுறைப் பாடம் வேறு: தீர்மானம் கவுன்சில் அறையில் நிறைவேறியபோது ஊர் அந்தப் பேச்சுக்கே வரவில்லை. ஐந்து சதவீதக் கையெழுத்து திரட்டுவது சுலபம். பிறகு சில வாரங்களில் விளக்கம் சொல்லி ஊரை மாற்ற முடியாது.

2024இல் சட்டம் மாறியபோது 54 மேயர்களும் பிராந்தியத் தலைவர்களும் சேர்ந்து அரசுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயமும் அந்த மே மாதம் இது வைதாங்கி ஒப்பந்த மீறல் என்றது. அந்த மேயர்கள் எல்லோரும் மாவோரி வார்டின் பக்தர்கள் அல்லர். எங்கள் ஊர் எடுத்த முடிவை எங்களிடமே விடுங்கள் என்பதுதான் அவர்கள் வாதம். அதற்கு எதிர்முனையில் கைபாரா மாவட்ட கவுன்சில். 2022 நவம்பரில் புதிய கவுன்சிலின் கூட்டத்தில் மாவோரி வார்டு உறுப்பினர் பேரா பானியோரா கரகியா எனும் வழிபாட்டு வரிகளைச் சொல்லத் தொடங்கினார். மேயர் கிரெய்க் ஜெப்சன் இடைமறித்து நிறுத்தினார். நாடே பார்த்தது. பிறகு, உறுப்பினர்கள் முறை வைத்துத் தாங்கள் விரும்பும் விதத்தில் கூட்டத்தைத் தொடங்கலாம் என்று சமாதானம் ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில் அந்த வார்டையே எடுத்துவிடக் கவுன்சில் முடிவு செய்தது. கூட்டம் எப்படித் தொடங்கும் என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே எழுதிவைக்கலாம். பத்து நிமிட வேலை.

அதேபோல எழுதிவைக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஏழாம் அட்டவணைப்படி, தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர்கள் பதவியேற்றதும் பழைய குழுக்கள் தாமாகவே கலைந்துவிடும். கலைய வேண்டாம் என்று கவுன்சில் முன்கூட்டியே தீர்மானித்திருந்தால் மட்டும் தொடரும். 2028 தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்த ஒரு வரித் தீர்மானம் இல்லையென்றால், இவி நியமனங்கள் யாரும் எதிர்த்து வாக்களிக்காமலே முடிந்துபோயிருக்கும்.